கிளிநொச்சியில் ஒரு சித்திரக்கதைக் கடை

வழிகாட்டிப் புத்தகமும் மாதிரி வினாத்தாளும் விற்கிற கடைக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. சோதனை முடிந்து மிஞ்சியதைப் பதிப்பாளரின் ஆள் வந்து கணக்குப் பார்த்து எடுத்துப் போவார். விற்றதற்கு மட்டும் காசு கட்டினால் போதும். சித்திரக்கதைக் கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. பெட்டி வந்து இறங்கிய நேரத்திலிருந்து அதற்குள் இருப்பதெல்லாம் அவர் தலையில்தான். விற்றாலும் அவருடையது, கறையான் தின்றாலும் அவருடையது. கிளிநொச்சியில் இந்தக் கடையை நடத்துகிற எனக்கு வந்த கஷ்டங்களில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்திலிருந்துதான் முளைத்தன. சனம் வாசிப்பதில்லை, பிள்ளைகள் போனோடு போய்விட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கடையை மூட வைப்பது றாக்கையில் முடங்கிக் கிடக்கிற காசு.

கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஒற்றை அறை. முன்பாதியில் கொப்பி, பேனை, போட்டோக்கொப்பி, லமினேற்றிங். பின்பாதியில்தான் சித்திரக்கதைகள்: சிவகாசியிலிருந்து வருகிற லயன், முத்து காமிக்ஸ், அமர் சித்திரக் கதை, கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் சிங்களம், பழைய ராணி காமிக்ஸ், அம்புலிமாமா. வாடகையையும் கரண்ட் பில்லையும் முன்பாதி கட்டும். பின்பாதி தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால் எனக்குப் போதும். வன்னியில் சித்திரக்கதை மட்டும் வைத்துக் கடை நடத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொழும்பிலேயே அது கஷ்டம். வேறொரு வியாபாரத்தின் தோளில் ஏறி நிற்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஏன் இந்தப் பின்பாதி என்று கேட்டால், நான் தொண்ணூறுகளின் யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவன். பற்றரி வராது, மண்ணெண்ணெய் ஆனை விலை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு வெளிச்சத்தில், அட்டை கிழிந்த ஒரு இரும்புக்கை மாயாவி சித்திரக்கதையை எத்தனையோ பேர் வாசித்தோம். கடைசிப் பக்கங்கள் இருக்காது. முடிவை ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சண்டை பிடிப்போம். 1996 இடப்பெயர்வில் இருந்த புத்தகங்களில் பாதி போனது, 2009 இறுதி யுத்தத்தில் மிச்சமும் போனது. திரும்பி வந்து வீடு கட்டி, வேலை தேடி, எல்லாம் ஒருவாறு நிமிர்ந்த பிறகும் இந்த ஊரில் ஒரு பிள்ளை பொழுதுபோக்குக்கு எடுத்து வாசிக்க ஒரு கடை இல்லை. புலமைப்பரிசில் வழிகாட்டி விற்க எத்தனையோ கடை இருந்தது.

திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு என்பது எங்களுக்கு மட்டும் வந்த வினை இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கொமிக்ஸ் பத்திரிகைக் கடைகளில்தான் விற்றது. விற்காததைத் திருப்பி அனுப்பலாம். 1973இல் பில் சூலிங் என்ற நியூயோர்க்காரர் பதிப்பாளர்களிடம் புதிய ஒழுங்கு ஒன்றைக் கேட்டு வாங்கினார். விலைக்கழிவைக் கூட்டித் தாருங்கள், நாங்கள் எதையும் திருப்பித் தரமாட்டோம். அங்குள்ள தனிக் கொமிக்ஸ் கடைகளில் பெரும்பாலானவை அந்த ஒழுங்கின் மேல் எழும்பியவைதான். அதே ஒழுங்குதான் அவர்களைப் பிறகு வாட்டியதும். 1992இல் சூப்பர்மேன் இறக்கிற இதழ் வந்தபோது, நாளைக்கு விலை ஏறும் என்று நம்பிச் சனம் ஒவ்வொருவரும் பல பிரதி வாங்கிப் பதுக்கியது. கடைக்காரரும் அந்த வேகத்தில் அள்ளி எடுத்தார்கள். அலை அடங்கியதும் சரக்கு கடையிலேயே கிடந்தது. ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. 1996 கடைசியில் ஸ்பைடர்மேனை வெளியிடுகிற மார்வல் நிறுவனமே வங்குரோத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததையும் வியாபாரம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். விநியோகம் முழுவதும் டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது. 2020 கொரோனாவில் அவர்கள் சில வாரங்கள் அனுப்புவதை நிறுத்தினார்கள்; நாடு முழுக்கக் கடைகளுக்குப் புதுச் சரக்கு வரவில்லை. அந்த வருடமே சூப்பர்மேனை வெளியிடுகிற டிசி விலகியது, அடுத்த வருடம் மார்வல் வேறு விநியோகத்தரிடம் போனது. 2025 ஜனவரியில் டயமண்ட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. சிறிய பதிப்பாளர்கள் விற்றுத் தரச் சொல்லி அவர்களின் களஞ்சியத்தில் வைத்திருந்த புத்தகங்களுக்குக்கூட வழக்காட வேண்டி வந்தது.

எங்கள் பாதையும் இப்படி ஒற்றை நூலில்தான் தொங்குகிறது. சிவகாசியில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் சந்தாவிலும் புத்தகச் சந்தைகளிலும் விற்கிறார்கள். சென்னையில் ஒரு ஏற்றுமதியாளர் அதை வாங்கி, வேறு தமிழ்ப் புத்தகங்களோடு பெட்டி கட்டிக் கொழும்புக்கு அனுப்புவார். கொழும்பில் ஒருவர் எடுத்து எனக்குரியதைப் பிரித்து ஏ9 பஸ்ஸில் போடுவார். எனக்குக் கிடைக்கிற கழிவு இந்தப் பயணத்திலேயே கரைந்துவிடும். 2022இல் ஏற்பட்டதைச் சொன்னால் விளங்கும். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு இந்திய ரூபாய்க்கு எங்கள் காசு இரண்டே முக்கால் ரூபா அளவில் இருந்தது. டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டிப் போக, அது நாலரைக்கு மேல் போனது. நூறு ரூபாய் அட்டைவிலை போட்ட ஒரு புத்தகம், அனுப்புகிற செலவைச் சேர்க்காமலே, 270லிருந்து 460 ஆகிவிட்டது. அதே நேரம் அரிசிக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு தகப்பனிடம் 600 ரூபாவுக்குச் சித்திரக்கதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் காலத்தைத் தாண்ட வைத்தது ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி. இதைத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வேன். ஒரு இதழுக்கு ஒரு பக்கம். வேண்டும் என்கிறவரின் பெயரும் போன் நம்பரும், பக்கத்தில் கட்டிய முன்பணமும். பாதிக் காசு கட்டாத பெயரை நான் எழுதுவதில்லை, அது சொந்தக்காரர் என்றாலும் சரி. பெயர்களை எண்ணி, அதோடு இரண்டோ மூன்றோ மட்டும் கூட்டி ஓடர் போடுவேன். அந்த இரண்டு மூன்றுதான் றாக்கைக்கு. றாக்கை நிறைந்திருந்தால் கடை அழகாக இருக்கும், வருகிறவர் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவார். மாதக் கடைசியில் அந்த அழகுக்கு வட்டி கட்டுவது நாங்கள்.

கொப்பியில் இருக்கிற பெயர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எழுபது, எண்பதுகளில் பிறந்த ஆண்கள்தான் அதிகம்: ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர், ரியூசன் வாத்தியார்மார், இரண்டு வான் சாரதிகள். இவர்களுக்குக் கௌபோய் டெக்ஸ் வில்லரும் மாயாவியும் வேண்டும், மாதம் ஒன்று தவறாமல் எடுப்பார்கள். நம்பி ஓடர் போடலாம். ஆனால் இவர்களை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தால் இன்னும் இருபது வருடத்தில் கொப்பியில் பெயர் இருக்காது. ஓகஸ்ட் லீவில் கனடா, லண்டனிலிருந்து வருகிறவர்கள் பழைய இதழ்களைத் தேடி வருவார்கள், கேட்ட விலை கொடுப்பார்கள். வந்தால் சந்தோசம். அந்தக் காசை நம்பி வாடகை பேசக்கூடாது.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கட்டாது. அதனால் அவர்களுக்கு இரவல். இதில் எனக்குத் துணிவு தந்தது ஜப்பானின் கதை. யுத்தத்தில் தோற்று, சாம்பலாகிக் கிடந்த நாட்டில் புத்தகம் வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்காகத் தெருவுக்குத் தெரு வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. கஷிஹோன் என்பார்கள். சில்லறைக் காசுக்கு ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்தக் கடைகளுக்கென்றே தனியாகச் சித்திரக்கதைகள் வரைந்து அச்சிட்டார்கள். யுத்தத்தில் இடது கையை இழந்து திரும்பிய மிசுகி ஷிகெரு அந்தக் கடைகளுக்கு வரைந்துதான் வயிறு கழுவினார். பிறகு அந்த நாடே கொண்டாடுகிற ஓவியர் ஆனார். வன்னியில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற எவருக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு நின்றுதான் போகும்.

இரவலுக்கு நான் வைத்திருக்கிற ஒழுங்கு இலகுவானது. ஒரு தடவை நூறு ரூபா வைப்புப் பணம், விலகும்போது திருப்பித் தருவேன். ஒரு புத்தகம் ஒரு கிழமைக்கு இருபது ரூபா. முதலாம் பாகம் எப்போதும் இரவலில் இருக்கும், அடுத்த பாகங்கள் இரவலிலும் விற்பனையிலும் இருக்கும். முதலாம் பாகம் கையில் இல்லாத தொடரின் மூன்றாம் பாகத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கமாட்டேன். புதுப் புத்தகம் இரவலுக்குப் போகுமுன் முதுகை நூலால் இரண்டு இடத்தில் குத்திக் கட்டி, அட்டைக்குத் தடித்த பொலித்தீன் உறை போட வேண்டும். செலோரேப் வேண்டாம். எங்கள் வெயிலுக்கு ஒரு வருடத்தில் அந்த ரேப் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்தைக் கடித்துக்கொண்டு வரும்.

“அண்ணை, இதுக்கு ரெண்டாம் பாகம் வந்திட்டுதோ?” என்று சைக்கிளை விட்டு இறங்காமல் வாசலில் நின்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைக்கு அது மருந்து. பரந்தன் பக்கத்திலிருந்து ஒரு அம்மம்மா பேரனுக்காகக் கிழமைக்கு ஒருக்கால் வருவார். பேரனுக்கு என்று எடுத்துப் போவார். ஒருநாள், “போன முறை தந்ததில அந்தக் குதிரைக்காரன் கடைசியில தம்பியைக் கண்டுபிடிச்சவனோ, பெடியன் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோட்டான், நான் முடிக்கேல்ல” என்றார். இப்போது அவர் பெயரில் தனியாக ஒரு அட்டை இருக்கிறது.

இரவலில் புத்தகம் தொலையும், கிழியும். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் இறங்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில், இரணைமடுவின் கதவுகள் திறந்து தாழ்ந்த ஊர்களெல்லாம் தண்ணீருக்குள் போனபோது, வீட்டுச் சாமான் நனைந்த நிலையிலும் சில பிள்ளைகள் இரவல் புத்தகத்தை உரப்பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போயிருக்கிறார்கள். நனைந்து வந்தவற்றில் ஒன்று கற்றுக்கொண்டேன். பழைய சாணித்தாள் இதழ்களை நிழலில் விரித்துக் காற்றாடி போட்டால் காய்ந்து வந்துவிடும், கொஞ்சம் நெளிந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது கலரில் வருகிற வழவழப்புத் தாள் அப்படி இல்லை. ஈரத்தோடு மூடி வைத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளையும் பிரித்து இடையில் வெள்ளைத் தாள் செருகி, அதை மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். வெயிலில் போடக்கூடாது.

கறையானுக்கும் ஒரு வார்த்தை. றாக்கையைச் சுவரில் முட்ட விடாதீர்கள், ஒரு சாண் விட்டு நிறுத்துங்கள். கால்கள் இரும்பாக இருக்கட்டும். கீழ்த் தட்டைக் காலியாக விடுங்கள். கையிருப்புப் பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள், ஒரு இரவுக்குக்கூட.

போனைப் பற்றிக் கேட்பார்கள். ஸ்கான் பண்ணிய பிடிஎஃப் வட்ஸ்அப்பில் சுற்றுவது எனக்குத் தெரியும். எங்கும் அச்சில் இல்லாத பழைய இதழ்களை யாரோ தேடிப்பிடித்து ஸ்கான் பண்ணி வைத்ததால்தான் எங்களைப் போல எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் திரும்ப ஒருமுறை பார்க்க முடிந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். போன மாதம் வந்த புத்தகத்தைப் போட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அது வேறு. சில ஆயிரம் வாசகரை நம்பி அச்சடிக்கிற ஒரு பதிப்பாளருக்கு நூறு பிரதி குறைந்தாலே அடுத்த இதழ் ஆட்டம் காணும். கடையில் பிடிஎஃப் கேட்கிற பெடியளிடம் நேரே இதைத்தான் சொல்வேன், கேட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் போனை எதிரியாக்காமல் அதிலேயே எங்கள் பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிற நூலகம் இணையத்தளத்தைத் திறந்து, சிரித்திரன் என்ற பழைய நகைச்சுவைச் சஞ்சிகையின் இதழ்களைக் காட்டுவேன். அதன் கேலிச்சித்திரங்களில் வருகிற சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் முதன்முதலாகப் பார்க்கிற பெடியன், இது எங்கட கதை மாதிரிக் கிடக்கு என்று சிரிப்பான்.

எங்கட கதை என்று அந்தப் பெடியன் சொன்னதில்தான் இந்தக் கடைகளின் எதிர்காலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் வரைந்து சிவகாசியில் தமிழாகி வருகிற புத்தகங்கள் எனக்கு உயிர். ஆனால் டொலர் ஏறினால் அவை நின்றுவிடும், கப்பல் நின்றால் நின்றுவிடும். ஒட்டுசுட்டானில் வரைந்து யாழ்ப்பாணத்தில் அச்சடித்த புத்தகம் அவ்வளவு இலகுவில் நிற்காது. அதனால் ஒட்டுசுட்டான் பக்கத்து இளம் ஓவியர் ஒருவரை வைத்து, வன்னியின் கடைசிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் கதையில் ஒரு சிறு புத்தகம் செய்தோம். 1803 ஓகஸ்டில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததில் தொடங்கி, அதே வருடம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் ட்றிபேர்க்கின் படையிடம் தோற்றது வரை. கறுப்பு வெள்ளை, இருபத்துநான்கு பக்கம்.

செய்து பார்த்ததில் தெரிந்தவை சில. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலின் பெருக்கத்தில் இருக்க வேண்டும், இருபத்திரண்டு பக்கக் கதை எழுதினால் இரண்டு வெற்றுப் பக்கத்துக்கும் காசு கட்டுவீர்கள். எழுத்தை முதலில் வையுங்கள், அதைச் சுற்றிப் பேச்சுக்குமிழியை வரையுங்கள். ஓவியர் ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துப் பழகிய கையால் குமிழியைச் சின்னதாக வரைந்தார். “வெளிக்கிட்டிட்டினமோ” என்று ஒரு வீரன் கேட்கிற இடத்தில் அந்த ஒரு சொல்லே சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முழுப் பக்கத்தையும் திரும்ப வரைந்தார், பாவம். ஐஎஸ்பிஎன் இலக்கத்தைத் தேசிய நூலகத்திடம் விண்ணப்பித்து எடுங்கள். அது இருந்தால் பொது நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கொடுப்பது இலகு. ஒக்டோபர் வாசிப்பு மாதம், முதலாம் திகதி சிறுவர் தினம். அந்த ஒரு மாதத்துக்குள்தான் பாடசாலைகள் பரிசுக்குப் புத்தகம் தேடும். செப்டெம்பர் நடுவுக்குள் அச்சகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, அச்சுக்குப் போகுமுன்னே கொடுத்துவிடுங்கள். விற்றால் பார்ப்போம் என்ற பேச்சு இங்கே எத்தனை ஓவியர்களைத் திருமண மேடை அலங்காரத்துக்கு அனுப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்களை இழந்தால் மீளப் பிடிக்க முடியாது.

அமெரிக்கக் கடைக்காரர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட நல்ல விடயம் ஒன்றும் இருக்கிறது. 2002இலிருந்து அவர்கள் பெரும்பாலும் மே மாதத்து முதற் சனிக்கிழமையில் கொமிக்ஸை இலவசமாகக் கொடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் கடை வைத்திருந்த ஜோ ஃபீல்ட் சொன்ன யோசனை. பிள்ளைகளுக்கு இலவசம், கடைக்காரர் பதிப்பாளருக்குச் சிறு தொகை கட்டித்தான் எடுக்கிறார். நான் சிறுவர் தினத்தில் பண்டாரவன்னியனின் முதல் எட்டுப் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து மடித்துக் கொடுக்கிறேன். எட்டாம் பக்கம் கோட்டை வாசலில் நிற்கும். மிச்சம் இரவலில் இருக்கிறது என்று கீழே எழுதியிருக்கும்.

இனிச் செய்யப் போவது கூட்டு ஓடர். வவுனியாவிலும் மன்னாரிலும் புத்தகக் கடை வைத்திருக்கிற இருவரோடு பேசி முடித்திருக்கிறோம். மூவரின் பெயர்க் கொப்பியையும் சேர்த்து ஒரே ஓடர், ஒரே பெட்டி. பெட்டி வவுனியாவில் பிரியும், அங்கிருந்து பஸ்ஸில் அவரவருக்கு. அனுப்புகிற செலவு மூன்றாகப் பிரியும், ஒருவரிடம் விற்காமல் கிடக்கிறதை மற்றவர் கேட்டு எடுக்கலாம். பதிப்பாளரிடம் திருப்பிக் கொடுக்க முடியாததை எங்களுக்குள் சுற்றவிடுகிற வழி இது. கொழும்புக்காரர் ஒருவரை மட்டும் நம்பாமல், காங்கேசன்துறைக்கு ஒழுங்கான சரக்குக் கப்பல் வந்தால் அந்தப் பாதையையும் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ கடை வைத்திருக்கிறவர், அது மருந்துக் கடையாக இருந்து ஒரு தட்டு மட்டும் சித்திரக்கதைக்கு ஒதுக்கத் தயார் என்றாலும், சேரலாம். பெயர்களை எழுதி, பாதி முன்பணத்தோடு ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதிக்குள் தந்தால் சரி.